இறக்கத்தில் மட்டும் கேட்ட சத்தம்

ஆயுத பூஜை அன்று ஷெட்டில் எல்லோரையும் நிற்க வைத்து, "அண்ணா, புதுசா வேலைக்கு வந்திருக்கறவங்களுக்கு நாலு வார்த்த சொல்லுங்க" என்று கேட்டீர்கள். வாய் நிறையப் பொரியும் கடலையும் இருந்ததால் அன்றைக்குத் தப்பித்தேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, சொல்ல வேண்டியதை விழுங்கிவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதித் தருகிறேன். டீ வரும் நேரத்தில் ஒருவர் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். கிரீஸ் கையோடு தாளைத் தொடாதீர்கள்.

பழைய காலம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. ஸ்கேனரைச் சொருகினதும் வண்டி தன் நோயைத் தானே சொல்லிவிடுவது எனக்கும் பிடித்திருக்கிறது. எங்களுக்கு அது இருந்திருந்தால் என் முதுகு இன்னும் நேராக இருந்திருக்கும். நான் சொல்ல வந்தது நானே செய்த ஒரு தப்பை. முப்பத்தெட்டு வருடத்தில் நன்றாகக் கட்டிக் கொடுத்த எஞ்சின்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அவை பாட்டுக்கு ஓடிப் போய்விட்டன. ஒன்று மட்டும் ஓடாமல் இன்னும் என் மண்டைக்குள் நின்றுகொண்டிருக்கிறது.

அந்த வண்டிக்காரர் இண்டூர்க்காரர். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், நான் சர்வேயர் சார் என்றுதான் கூப்பிடுவேன். அரை அடி வரப்புக்காக அண்ணன் தம்பிகள் மண்வெட்டியோடு நிற்கும்போது நடுவில் போய் நின்று அளந்து கொடுத்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பார்த்ததைப் பார்த்தபடி, நாள் நேரத்தோடு எழுதிவைப்பார். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் பெங்களூரில். வீட்டில் அவரும், ஷெட்டுக்குள் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடரும்.

எஞ்சின் புகை கக்க ஆரம்பித்து, ஏற்றத்தில் இழுவை இல்லாமல் போனபோது என்னிடம் கொண்டு வந்தார். வண்டியை விட்ட மறுநாளே மகள் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, அப்பா அங்க தனியா இருக்கறாரு. வண்டி ஒண்ணு இருக்கறதாலதான் கடைக்கு, ஆஸ்பத்திரிக்குன்னு யாரையும் கேக்காம ஓட்டிக்கிட்டு இருக்கறாரு. வண்டி நம்பி ஓட்டற மாதிரி ஆச்சுன்னா அவரு அங்கயே இருக்கட்டும். இல்லன்னா வூட்டப் பூட்டிட்டு இங்க கூட்டிட்டு வந்துடுவேன். அவருக்கு அது பிடிக்காது. உண்மையச் சொல்லுங்கண்ணா, நம்பலாமா?"

"நான் கட்டற எஞ்சின்மா. கண்ண மூடிக்கிட்டு நம்பு" என்றேன். இவ்வளவு பெரிய வார்த்தையை அவ்வளவு லேசாகச் சொன்னேன்.

வண்டி என்னிடம் இருந்த நாட்களில் அவர் தினமும் காலையில் பஸ் ஏறி ஷெட்டுக்கு வந்துவிடுவார். வாசல் பக்கம் ஒரு ஸ்டூல் உண்டு, அதில் உட்கார்ந்துகொள்வார். கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த எஞ்சினில் டர்போ கிடையாது, காற்றை உள்ளே ஊதித் தள்ள எதுவும் கிடையாது என்று ஒருநாள் சொன்னேன். "அப்ப காத்து எப்படிங்க உள்ள போவுது?" என்றார். பிஸ்டன் கீழே இறங்கும்போது தானே இழுத்துக்கொள்ளும் என்றேன். "தானே மூச்சு உட்டு தானே ஓடணும். என்னாட்டம்தானா?" என்று சிரித்தார். முதல் இரண்டு நாள் எனக்கும் சிரிப்பு வந்தது. நாலாம் நாளில் இருந்து அந்த ஸ்டூலைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. வேலை செய்யும்போது ஒருவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போர் பண்ணினது, கிராங்க் அரைத்தது எல்லாம் நீங்கள் தினமும் செய்கிற வேலைதான், அதை விடுங்கள். ஒரே ஒரு சாமானைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த எஞ்சினில் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற ஒவ்வொரு ராடின் அடியிலும் ஒரு மூடி இருக்கும். அதை இரண்டு நட்டுகள் பிடித்திருக்கும். நட்டு தளராமல் இருக்க அடியில் ஒரு தகடு போட்டு, அதன் காதை மேலே மடக்கி நட்டோடு ஒட்ட வைக்க வேண்டும். லாக் வாஷர். நாலு ராடுக்கும் புதிது கேட்டிருந்தேன். சேலத்தில் இருந்து மூன்றுக்குத்தான் வந்தது. நாலாவதுக்கு இன்னும் நாலைந்து நாள் ஆகும் என்றார்கள்.

நம் பக்கத்து ஷெட்டுகளில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய தகட்டையே எடுத்து, சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, மறுபடி மடக்கிப் போட்டுவிடுவோம். எல்லோரும் செய்ததுதான், நானும் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன், எதுவும் ஆனதில்லை. ஆனால் அன்றைக்குக் கையில் எடுத்துப் பார்த்தபோது மடிப்பில் முடி அளவு ஒரு கோடு தெரிந்தது. தெரிந்தது என்று இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். நாலு நாள் காத்திருந்திருக்கலாம். காத்திருந்தால் அந்த ஸ்டூலும் நாலு நாள் அங்கேயே இருக்கும். தட்டினேன், மடக்கினேன், மூடிவிட்டேன்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்த அன்று எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, சாவியை அவர் கையில் கொடுத்தேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. டைமிங்கை வைத்து, கார்ப்பரேட்டர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, காற்றும் பெட்ரோலும் ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்தினேன். பானெட் மேல் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. என் வாழ்க்கையில் நான் ட்யூன் செய்த எஞ்சின்களில் அதுபோல ஒன்று இரண்டுதான் இருக்கும். சர்வேயர் சார் டம்ளரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வூட்ல அவ இருந்திருந்தா இந்நேரம் கேட்டத் தொறந்து வெச்சிருப்பா. தெருமொனையில வர்றப்பவே சத்தத்த வெச்சுச் சொல்லிடுவாளுங்க, நம்ம வண்டின்னு" என்றார்.

எனக்கும் மனசு இளகியது. அது பொய்யில்லை. ஆனாலும் வண்டி கேட்டைத் தாண்டியதும் முதல் வேலையாக அந்த ஸ்டூலை உள்ளே தூக்கிப் போட்டேன்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்குப் போவார். ஆற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒரு தட்டு மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். வெள்ளிக்கிழமை எதற்கு மீன் என்று கேட்டால், "கேக்கறதுக்கு வூட்ல ஆள் இருந்தாத்தான வெள்ளிக்கிழமை" என்பார். வண்டியை எடுத்துப்போன இரண்டாவது வாரம், சனிக்கிழமை காலையில் ஷெட்டுக்கு வந்தார். நோட்டைத் திறந்து படித்தார்.

"ஒகேனக்கல் மலை எறங்கறப்ப ஏழாவது வளைவு தாண்டுன பிறகு ஒரு நீள இறக்கம் வருதுங்களே மேஸ்திரி, அங்க மூணாவது கியர்ல, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா டொக்கு டொக்குன்னு கேக்குதுங்க. மிதிச்சா நின்னுடுது. ஏத்தத்துல இல்ல, சமதரையிலயும் இல்ல."

இதைவிடத் தெளிவாக ஒரு டாக்டரிடம்கூட யாரும் நோயைச் சொல்ல முடியாது. நான் என்ன செய்தேன்? பைபாஸ் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். பைபாஸ் சமதரை. எந்தச் சத்தமும் இல்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார், மறுபடி அதே வளைவு, அதே கியர். திருப்புளியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து நாலு பக்கமும் கேட்டேன். ஒன்றும் இல்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்தபோது நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சத்தம் வண்டியில் இல்லை. பேச ஆள் இல்லாமல் இங்கே வருகிறார், வருவதற்கு ஒரு காரணம் வேண்டும், அதற்குத்தான் இந்தச் சத்தம்.

அதன்பிறகு நான் செய்ததுதான் இந்தத் தாளில் முக்கியமான விஷயம். கவனமாகக் கேளுங்கள். நான் அவரிடம் கோபப்படவில்லை. ரொம்ப நல்லவனாக நடந்துகொண்டேன். ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டேன். டீ சொன்னேன். பானெட்டைத் தூக்கி, கார்ப்பரேட்டர் திருகைக் கால் சுற்று திருகுவேன். அவர் டீயை ஊதிக்கொண்டிருக்கும்போது பழையபடி திருப்பி வைத்துவிடுவேன். "சரியாயிடுச்சுங்க சார், இனி கேக்காது" என்பேன். "அப்படிங்களா, சந்தோசம்" என்பார். பதினொரு மணி வரை இருந்துவிட்டுப் போவார். மூன்று மாதம் இப்படியே ஓடியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, தனியாக இருக்கிற ஒரு மனிதருக்கு ஏதோ நம்மால் ஆனது என்று.

வீட்டில் சாப்பிடும்போது இதைப் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டே, "இத்தன தடவ சொல்றாரே, ஒரு வெள்ளிக்கெழம அவருகூடப் போயிட்டுத்தான் வாங்களேன்" என்றாள்.

"பொழப்ப உட்டுட்டு மீன் திங்கப் போகச் சொல்றியா?" என்றேன். 

அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும், போன் வந்தது.

"மேஸ்திரி, சர்வேயரு பேசறனுங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. வண்டிதான் நின்னுடுச்சு. ஏழாவது வளைவு தாண்டி."

ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வளைவைத் தாண்டியதும் ரோட்டில் கறுப்பாக எண்ணெய்க் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்தபடி இறங்கினேன். கோடு ரோட்டின் நடுவுக்குப் போய், பள்ளத்துப் பக்கம் வளைந்து, பிறகு மலைப்பக்கம் திரும்பியிருந்தது. வண்டியின் முன்சக்கரம் மலையோரச் சாக்கடையில் இறங்கியிருந்தது. அவர் ஓரத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி இரண்டு குரங்குகள்.

பானெட்டைத் தூக்கினேன். எஞ்சினின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவு ஓட்டை. நாலாவது ராடு வெளியே எட்டிப் பார்த்தது. ஒரு போல்ட்டில் நட்டே இல்லை. அந்தத் தகடு காது ஒடிந்து, நட்டு நாளுக்கு நாள் தளர்ந்து, மூடி கழன்று ராடு எஞ்சினையே உடைத்துவிட்டது. இறக்கத்தில் காலை எடுக்கும்போது மட்டும் டொக்கு டொக்கென்று கேட்டது இந்தத் தளர்ச்சிதான். மூன்று மாதமாக அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எஞ்சின் இறுகிச் சக்கரம் பூட்டிக்கொண்ட நொடியில் அவர் கிளட்ச்சை மிதித்திருக்காவிட்டால், எண்ணெய்க் கோடு பள்ளத்துப் பக்கமே போய் முடிந்திருக்கும்.

அப்போது அவர் போன் அடித்தது. மகள். ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நீட்டினார்.

"அண்ணா, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. நீங்க சொல்லுங்க. வண்டி பழசு, அதான? என்ன செஞ்சாலும் இனி அப்படித்தான இருக்கும்?"

தப்பித்துப் போகிற வழியை அவளே திறந்துவிட்டாள். ஒரு வார்த்தை போதும். நான் ஓட்டையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வரப்பில் கல் நடுகிற இடத்தைப் பார்க்கிற மாதிரி.

"ஆமாம்மா. பழைய வண்டி" என்றேன்.

"சரிங்கண்ணா. நாளைக்கே நான் வர்றேன்" என்று வைத்துவிட்டாள். அவர் போனைச் சட்டைப் பையில், நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 

ஜீப்பில் கயிறு கட்டி, பின்னால் அவரை ஸ்டீயரிங் பிடிக்க வைத்து, பென்னாகரம் வரை இழுத்துக்கொண்டு வந்தேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில் என்னால் தாங்க முடியவில்லை. ஜீப்பை ஓரம் கட்டி, இறங்கி அவர் பக்கம் போனேன். தகட்டைச் சொன்னேன். கோடு தெரிந்ததையும் மறைக்காமல் சொன்னேன். திருகைத் திருகித் திருப்பி வைத்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"திருகு விசயந்தான? பாத்தனுங்களே. மொத தடவையே பாத்தேன். நோட்டுல எழுதிக்கூட வெச்சிருக்கறேன்."

"தெரிஞ்சுமா சார் வாராவாரம் வந்தீங்க?"

"வேற எங்கங்க போறது?" என்றார். ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே, "டீ நல்லா இருந்துச்சு" என்றார்.

அவர் பேச்சுத்துணைக்குத்தான் வந்தார் என்று நான் நினைத்தது சரிதான். வண்டியில் சத்தம் இருந்ததும் உண்மைதான். ஒன்று உண்மை என்றால் மற்றது பொய்யாக இருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? இன்னொன்றும் பிற்பாடுதான் புரிந்தது. வண்டிக்குள் பேசுவதற்கு ஆள் இல்லாதவனுக்கு வண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் அந்த எஞ்சினை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மகள் வந்திருந்தபோது இண்டூருக்கே போய், அவள் முன்னால் நின்று சொன்னேன். "தப்பு வண்டி மேல இல்லம்மா, என் மேல. புது பிளாக் போட்டு நானே கட்டித் தர்றேன். உங்கப்பா இங்கயே இருக்கட்டும்."

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க நல்ல மனசுண்ணா. அப்பாவுக்காகப் பழிய உங்க மேல போட்டுக்கறீங்க. நேத்து ரோட்டுல சொன்னீங்களே, அதுதான் நெசம், அது போதும் எனக்கு."

எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. தகட்டை எடுத்துக் காட்டினேன், அது அவளுக்கு ஒரு தகரத் துண்டு. பொய்யை நேரத்தோடு சொன்னேன், நம்பிவிட்டாள். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு நாள்தான் தாமதம் செய்தேன். அந்த வாரமே வீட்டைப் பூட்டினார்கள். சர்வேயர் சார் ஷெட் வாசலில் மகளின் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, "வண்டி உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தார். ஸ்டூலை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

பெங்களூரில் இருந்து மூன்று தடவை போன் செய்தார். அங்கே பதினோராவது மாடி, ஜன்னலைத் திறந்தால் வண்டிச் சத்தம்தான், ஆனால் ஒன்றுகூடத் தெரிந்த வண்டி இல்லை என்றார். பிறகு போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. வேலை இருந்தது என்று உங்களிடம் சொல்லலாம். உண்மையில் வெட்கம். இப்போது அந்த நம்பருக்குக் கூப்பிட எனக்குப் பயமாக இருக்கிறது, யார் எடுத்து என்ன சொல்வார்களோ என்று.

எஞ்சினை மறுபடி கட்டினேன். நாலுக்கும் புது வாஷர். தண்ணீர் டம்ளர் மறுபடி நின்றது. நீங்கள் சனிக்கிழமை தோறும் பார்க்கிற வண்டி அதுதான், இதுவரை சொன்னதில்லை. என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, ஷெட்டை உங்கள் மூன்று பேரிடம் விட்ட பிறகு, வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் இருக்க முடிவதில்லை. மகன் ஓசூரில் இருக்கிறான், வா வா என்கிறான். வண்டி ஓடுகிறதே, எதற்கு என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒகேனக்கல் வரை போய், ஆற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

ஒரு மாதமாக உங்களிடம் ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இறக்கத்தில், காலை எடுத்தால். நீங்கள் மூன்று பேரும் அண்ணா அண்ணா என்று ஸ்டூல் எடுத்துப் போட்டீர்கள். பைபாஸ் வரை ஓட்டிப் பார்த்தீர்கள். போன சனிக்கிழமை கார்ப்பரேட்டர் திருகை ஒருவர் கால் சுற்று திருகி, நான் கண்ணாடியைத் துடைக்கும்போது திருப்பி வைத்தீர்கள். பார்த்தேன். யார் என்று எழுதமாட்டேன். கோபமும் இல்லை, அந்த வேலையை இந்த ஷெட்டில் ஆரம்பித்து வைத்ததே நான்தான். டீ நன்றாக இருந்தது.

சத்தம் நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டால், சத்தியமாக எனக்கே தெரியவில்லை. காதும் பழையதாகிவிட்டது. இருக்கிற மாதிரிதான் கேட்கிறது. இல்லாமலும் இருக்கலாம்.

வருகிற வெள்ளிக்கிழமை ஷெட்டை இரண்டு பேர் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் என்னோடு வாருங்கள். நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ஏழாவது வளைவு தாண்டியதும் மூன்றாவது கியரில் காலை எடுங்கள். கேட்டால் கேட்கிறது என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எதுவானாலும் கீழே போய் மீன் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புகிறோம்.